மத்ராஸோவின் வில்ச்செஸ் கோமகள் (1853): நீல சாட்டின் பாலித்தீனாகிறது, தோல் சுண்ணாம்படிக்கிறது. எங்கே பிசகு?

நீலக்குப்பி:
ஸ்பானிய ஓவியர் ஃபெதெரிகோ தெ மத்ராஸோ வரைந்த வில்ச்செஸ் கோமகள் உருவப்படத்தை ஆயிலில் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மத்ரித்தின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் படம், அசல் 126 × 89 செ.மீ. கிட்டத்தட்ட பாதி அளவில் செய்ய நினைத்து, கடையில் ரெடிமேடாகக் கிடைத்த 18 × 24 இஞ்ச் பருத்தி கேன்வாஸ் வாங்கினேன். அதன்மேல் அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிக்க அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சு) இன்னும் இரண்டு கோட். படத்தை அகலத்தில் 8, உயரத்தில் 10 என்று கட்டம் பிரித்து, கேன்வாஸையும் அப்படியே பிரித்துக் கோடெடுத்தேன்.

கையில் உள்ள வண்ணங்கள்: டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரின், பிரஷ்யன் புளூ, ஐவரி பிளாக், எல்லோ ஓக்கர், காட்மியம் ரெட், பர்ன்ட் அம்பர். கரைக்க ஹார்டுவேர் கடை டர்பன்டைனும் லின்சீட் ஆயிலும்.

இப்போதைய நிலை இது. உடையில் மடிப்பெல்லாம் அதனதன் இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் சாட்டினாகத் தெரியவில்லை, பாலித்தீன் உறை மாதிரி இருக்கிறது. தோளும் மார்பும் சுண்ணாம்படித்த வெள்ளை. பின்னணி காய்ந்தபின் சில இடம் மினுமினுப்பு, சில இடம் சாம்பல் பூத்த மங்கல். இது போக, அசலைவிட அம்மணி முகம் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறது, அது ஏனென்று பிடிபடவில்லை. இந்தப் படத்தையோ இதே மாதிரி சாட்டின் உடை உருவப்படங்களையோ செய்தவர்கள் வழி சொல்லுங்கள்.

அளவுகோல்:
கடைசியில் கேட்டதை முதலில் முடித்துவிடலாம், அது வண்ணத்தில் வந்த வினை இல்லை.

126-ஐ 89-ஆல் வகுத்தால் 1.416. உங்கள் கேன்வாஸ் 24-க்கு 18, அதாவது 1.333. இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் கட்டம் பிரித்ததால் படம் அகலவாக்கில் இழுபட்டிருக்கிறது. உயரத்தில் 61 / 126 = 0.484 மடங்கு, அகலத்தில் 45.7 / 89 = 0.513 மடங்கு. வித்தியாசம் 6 சதவீதம். நகலில் தலையின் அகலம் 7 செ.மீ. சொச்சம் வந்தால் அதில் 4 மி.மீ. இலவசமாகச் சேர்ந்துவிட்டது. பாவாடையில் 4 மி.மீ. கூடினால் யாருக்கும் தெரியாது. முகத்தில் கூடினால் வேறு ஆள்.

இந்தப் படத்துக்கு ஒரு வசதி உண்டு. உயரத்தை 10 ஆகப் பிரித்தால் கட்டத்தின் பக்கம் 12.6 செ.மீ. அதே சதுரத்தை அகலத்தில் வைத்துக்கொண்டே போனால் சரியாக 7 வந்து 8 மி.மீ. மிஞ்சும். ஆக 7 × 10 சதுரம் போதும். சதுரம் சதுரமாகவே இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். 24 இஞ்ச் உயர கேன்வாஸில் உங்களுக்கு வேண்டிய அகலம் 43.1 செ.மீ. மிச்சம் 2.6 செ.மீ.யை ஒரு பக்கமாக மாஸ்கிங் டேப் ஒட்டி ஒதுக்கிவிடலாம், சட்டத்துக்கு உள்ளே போய்விடும். அடுத்த தடவை சரிபாதியாக 63 × 44.5 செ.மீ.க்கு ஸ்ட்ரெச்சர் (கேன்வாஸை இழுத்துக் கட்டும் மரச்சட்டம்) சொல்லிச் செய்துகொள்ளுங்கள். உருவப்படத்துக்கு ரெடிமேட் அளவு அமைவது அபூர்வம்.

முகத்துக்கு மட்டும் ஒவ்வொரு சதுரத்தையும் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். கண்ணின் உள்முனை, மூக்கின் அடி, உதட்டின் இரு கோடி, தாடையில் விரல் படும் இடம் ஆகியவற்றை டிவைடரால் அளந்து சரிபார்க்க வேண்டும். கட்டத்தை மட்டும் நம்பினால் ஒரு மி.மீ. இங்கே, ஒரு மி.மீ. அங்கே என்று போய், அந்த லேசான புன்னகை கோணிவிடும்.

மடிப்புச்சாமி:
சாட்டினுக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாட்டினைச் சாட்டினாகக் காட்டுவது நீலம் இல்லை. வெளிச்சமும் இருட்டும் எவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான். பருத்தித் துணியில் ஒரு மடிப்பு வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் படிப்படியாக இறங்கும். வெல்வெட்டில் மடிப்பின் முதுகு இருண்டு, ஓரம் வெளுக்கும். சாட்டினில் மிகப் பிரகாசமான கீற்று, மிக இருண்ட பள்ளத்துக்குப் பக்கத்து வீடு. கீற்றின் ஒரு விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மை, மறு விளிம்பு நடு நீலத்தில் கரைந்து காணாமல் போகும். இரண்டு பக்கமும் கரைத்தால் பாலித்தீன், இரண்டு பக்கமும் வெட்டினால் தகரம். உங்கள் மடிப்புகளில் எல்லாக் கீற்றையும் இரண்டு பக்கமும் மென்மையாக்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

இடுப்பருகே ஒரு மடிப்பை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். கீற்று முழு நீளத்துக்கும் ஓடாது. துணி திரும்புகிற இடத்தில் சின்ன முக்கோணமாகவோ கொக்கியாகவோ முடிந்து, ஒரு இடைவெளி விட்டு, வேறு கோணத்தில் மறுபடி பிறக்கும். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே கோடாக இழுத்தால் அது ரிப்பன்.

அடுத்தது வேல்யூ, அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது. 1 வெள்ளை, 9 கருப்பு என்று ஒரு அளவு வைத்துக்கொண்டு நான் சொல்லும் திட்டம்: தோள், மார்பின் வெளிச்சம் 2. சாட்டினின் உச்சக் கீற்று 3. சாட்டினின் சொந்த நீலம் 5. நிழல் 7, ஆழ்ந்த பள்ளம் 8. பின்னணி 7-க்கும் 8-க்கும் நடுவே. சாட்டின் கீற்று எந்த இடத்திலும் தோளைவிட வெளுக்கக் கூடாது. இந்தப் படத்தில் கண் முதலில் போய் உட்கார வேண்டிய இடம் அந்தப் பெரிய, அமைதியான தோல் பரப்பு. நகைப் பொட்டில் மட்டும் 1 வரலாம்.

கலவை. பேலட் நைஃபால் முன்கூட்டியே ஐந்து குவியல் கலந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பிரஷிலேயே கலந்துகொண்டு போனால் ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு நீலமாகும்.

ஆழம்: அல்ட்ராமரின் 3 பங்கு, பர்ன்ட் அம்பர் 1, பிரஷ்யன் நைஃப் முனையில் ஒரு பொட்டு.
நிழல்: அல்ட்ராமரின் 4, கோபால்ட் 1, பர்ன்ட் அம்பர் அரை.
சொந்த நீலம்: அல்ட்ராமரின் 2, கோபால்ட் 2, வெள்ளை 1.
வெளிச்சம்: கோபால்ட் 1, வெள்ளை 2.
கீற்று: வெள்ளை 8, கோபால்ட் அரை, ஓக்கர் துளி.

பங்குகளை வேத வாக்காக எடுக்க வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி வீரியம் மாறும். உங்களிடம் கோபால்ட் இல்லை, ஒரு ட்யூப் வாங்கத்தான் வேண்டும். விலை அதிகம், 'ஹ்யூ' என்று போட்டுக் குறைந்த விலையில் வருவது பெரும்பாலும் அல்ட்ராமரினும் வெள்ளையும் கலந்த கலவை. ட்யூப் முதுகில் நிறமியின் குறியீடு பி.பி. 28 என்று இருந்தால்தான் அசல் கோபால்ட். அல்ட்ராமரின் பி.பி. 29, பிரஷ்யன் பி.பி. 27. பிரஷ்யன் முரட்டு வீரியம் உள்ளது. அதை மற்றதில் துளியாகச் சேர்க்க வேண்டும். அதில் மற்றதைச் சேர்க்க ஆரம்பித்தால் அரை ட்யூப் தீர்ந்தாலும் பச்சையடித்துக்கொண்டே இருக்கும்.

ஐவரி பிளாக்கை உடையிலிருந்து எடுத்துவிடுங்கள். நிழலை கருப்பால் இருட்டாக்கியதும், வெளிச்சத்தை வெறும் வெள்ளையால் வெளுத்ததும் சேர்ந்துதான் உங்கள் பாலித்தீன். நீலம் முழு நிறத்தோடு இருக்க வேண்டிய இடம் நடு வேல்யூ. கீற்றில் நீலம் குறைந்து வெளிச்சத்தின் நிறம் ஏறும், பள்ளத்தில் நீலம் குறைந்து வெதுவெதுப்பு ஏறும்.

வரிசை: அல்ட்ராமரின், அம்பர் மெல்லிய கரைசலில் நிழல் வடிவங்கள் முதலில். 6, 8 நம்பர் ஹாக் ஃபில்பர்ட்டில் (பன்றி மயிரில் செய்த, நுனி வளைந்த தட்டை பிரஷ்) பெரிய தளங்கள். பாதி அளவு நகலில் மடிப்பை எண்ணி எண்ணிப் போடாதீர்கள், உடலோடு ஒட்டிய மேல்பகுதி, கைகள், மடி, பாவாடையின் சரிவு எனப் பெரிய பெரிய துண்டாகப் பாருங்கள். அதன் மேல் நடு நீலம், வெளிச்சம். ஓரங்களை 4 நம்பர் மென்மையான ஃப்ளாட்டால், ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு பக்கம் மட்டும் கரைக்க வேண்டும். இது நன்றாகக் காய்ந்தபின் அல்ட்ராமரினை ஆல்கைட் மீடியத்தில் (சீக்கிரம் காய வைக்கும் பிசின் கரைசல்) கரைத்து நிழல் பகுதிமேல் ஒரு மெல்லிய கிளேஸ், அதாவது அடியில் உள்ளது தெரியும்படியான பூச்சு. அது காய்ந்ததும் கடைசியாகக் கீற்று, கெட்டியாக, ஒரே இழுப்பில். இழுத்ததைத் திரும்பத் தொடக் கூடாது.

தாடை_விரல்:
மடிப்புச்சாமி அண்ணன் சொன்னதில் கிளேஸ் தவிர எல்லாம் எனக்குச் சம்மதம். அல்ட்ராமரின் கிளேஸ் பார்க்க ஆழமாக இருக்கும், ஆனால் புதிதாகச் செய்பவர் கை நிழலோடு நிற்காது. வெளிச்சத்தின் மேலும் வழிந்து, உடை முழுக்க ஒரே கண்ணாடித் தாள் போர்த்தின மாதிரி ஆகும். ஐந்து குவியல் சரியாக இருந்தால் ஈரத்தோடு ஈரமாக நேரடியாகவே முடிக்கலாம்.

சாட்டினுக்கு இன்னொரு ஆசிரியர் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர். பாரிசில் மத்ராஸோவுக்கு அவர் பழக்கம் உண்டு, 1833-ல் ஆங்க்ரையே உருவப்படமாக வரைந்தவர் இவர். நியூயார்க்கின் ஃப்ரிக் தொகுப்பில் இருக்கும் ஆங்க்ரின் ஓசோன்வீல் கோமகள் (1845, 131.8 × 92.1 செ.மீ.) படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். அங்கேயும் நீலப் பட்டு, அங்கேயும் தாடையோரம் விரல், அளவும் ஏறத்தாழ அதே. ஆனால் அங்கே அவள் நின்றுகொண்டு, பின்னால் கண்ணாடியில் முதுகு தெரிய, கொஞ்சம் தள்ளியே இருக்கிறாள். இங்கே வில்ச்செஸ் கோமகளான அமாலியா தெ யானோ நாற்காலியில் உட்கார்ந்து, விசிறியை மறந்துவிட்டு, நம்மை நோக்கி லேசாகச் சாய்ந்து எதையோ கேட்கிறாள். முப்பதை ஒட்டிய வயது, இலக்கிய வட்டத்தில் பெயரெடுத்தவள், தானே நாவல் எழுதியவள். நகலில் அந்தச் சாய்வு போய்விட்டால் மிச்சம் ஒரு நல்ல உடை மட்டும்தான். கழுத்தின் நடுக்கோடும் முகத்தின் நடுக்கோடும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பதை முதல் நாளே கரித்துண்டில் பிடித்துவிடுங்கள்.

இப்போது தோல். டைட்டானியம் குளிர்ந்த, முரட்டு மூடல் உள்ள வெள்ளை. அந்தக் காலத்து ஓவியர்கள் தோலுக்கு ஈய வெள்ளையைத்தான் நம்பினார்கள். அது சற்று வெதுவெதுப்பு, வீரியம் குறைவு, லேசாக ஒளி ஊடுருவும். ஈயம் விஷம் என்பதால் வாங்கச் சொல்லமாட்டேன். டைட்டானியத்தில் மூன்றில் ஒரு பங்கு கால்சியம் கார்பனேட் தூளை லின்சீட் ஆயிலில் குழைத்துச் சேர்த்தால் வீரியம் அடங்கி, கலவை கைக்கு இணங்கும். ஓவியப் பொருள் கடையில் தூளாகக் கிடைக்கும். கரும்பலகை சாக்பீஸை இடித்துப் போட்டுவிடாதீர்கள், அதில் பெரும்பாலும் ஜிப்சம்தான். ஜிங்க் ஒயிட் சேர்த்தும் மென்மையாக்கலாம் என்பார்கள், ஆனால் ஆயிலில் ஜிங்க் நாள்பட நொறுங்கும், அடுக்கு உரியும். நான் தவிர்க்கச் சொல்வேன்.

அடிப்படைக் கலவை வெள்ளை 6, ஓக்கர் 1, காட்மியம் ரெட் கால் பங்கு. சுண்ணாம்படிப்பதற்கு முக்கியக் காரணம் வெள்ளை அதிகமானது மட்டும் இல்லை, நடு டோனில் நிறமே இல்லாதது. முன்னாலிருந்து பரவலாக விழும் வெளிச்சம், தோலில் அடர்ந்த நிழலே கிடையாது. வேல்யூ 2-லிருந்து 4-க்குள் முழுத் தோளையும் உருட்டியாக வேண்டும். வேல்யூவில் இடம் இல்லாததால் குளிர்ச்சி, வெதுவெதுப்பு வித்தியாசத்தில்தான் உருள வைக்க முடியும். அடிப்படைக் கலவையில் டெர்ரே வெர்ட் (மண் பச்சை) கொஞ்சம் சேர்த்தால் பச்சைச் சாம்பல் வரும். தோள் திரும்பும் ஓரம், தாடையின் அடி, காறை எலும்புக்கு மேல் குழி, மணிக்கட்டின் உள்பக்கம், இங்கெல்லாம் அதைக் கொடுங்கள். கன்னம், மூக்கு நுனி, விரல் கணு, முழங்கை, இங்கே சிவப்பு ஒரு இம்மி கூட. நெற்றியில் ஓக்கர் தூக்கல்.

உடையின் நீலம் தோலில் தெறிக்கும். மார்பின் விளிம்பு உடையைத் தொடும் இடத்திலும், மடிக்கு மேல் இருக்கும் முன்கையின் அடியிலும் நீலச் சாம்பல் தீண்டல் வேண்டும். எதிர்த் திசையிலும் அப்படித்தான், தோலுக்குப் பக்கத்து சாட்டின் நிழலில் ஒரு துளி வெதுவெதுப்பு. இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லாவிட்டால் தலையும் தோளும் தனியாகக் கத்தரித்து ஒட்டினது போல நிற்கும்.

விசிறி பிரஷால் எல்லாவற்றையும் தடவித் தடவி வழுவழுப்பாக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். டோன்களை ஓடு பதித்தாற்போல் தனித்தனியாக வைத்து, ஓட்டுக்கு ஓடு சேரும் இடத்தை மட்டும் காய்ந்த மென்பிரஷால் ஒரு தடவை தொட்டால் போதும்.

கரித்துண்டு:
சின்னத் திருத்தம். இதை ரியலிச உருவப்படம் என்று போட்டு விற்கும் நகல்கள் இணையத்தில் நிறைய. கலை வரலாற்றில் இது ஸ்பானிய ரொமான்டிக் உருவப்படங்களின் வரிசையில் வருவது, 2-ம் இசபெல் அரசி காலத்துப் பிரபுக்குல ரசனை. இதைச் சொல்ல ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. ரியலிச நகல் என்று நினைத்துக்கொண்டு தோல் துளை, சுருக்கம், நரம்பு என்று இல்லாததைத் தேடிச் சேர்ப்பவர்களைப் பார்க்கிறேன். மத்ராஸோ துணியிலும் நகையிலும் நுணுக்கம், தோலில் சுத்திகரிப்பு.

உண்மையிலேயே ரியலிசக் கையோடு ஒரு ஸ்பானியச் சீமாட்டி தோற்றம் வேண்டுமென்றால் ஸ்பானிய ஓவியர் சொரோயா 1906-ல் தன் மனைவி க்ளோதில்தேயைக் கருப்பு உடையில் வரைந்தது இருக்கிறது, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். 186.7 × 118.7 செ.மீ., நின்ற கோலம். அங்கே பிரஷ் இழுப்பு வெளிப்படையாகத் தெரியும், துணியை எண்ணி எண்ணிச் சொல்லவே மாட்டார். நீல சாட்டினில் கை ஓய்ந்தால் அதை ஒரு தடவை செய்து பாருங்கள். கருப்பு உடைக்கு ஐவரி பிளாக் தனியாக வேண்டாம், அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் சேர்த்து, நீலம் கூடின கருப்பு, பழுப்பு கூடின கருப்பு என இரண்டு குவியல். வெளிச்சப் பக்கம் முதலாவது, நிழல் பக்கம் இரண்டாவது.

நீலக்குப்பி:
எல்லோருக்கும் நன்றி. கட்டக் கணக்கு விளங்கிவிட்டது. இரண்டு கேள்வி. போட்டதையெல்லாம் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டுமா, இல்லை முகத்தை மட்டும் திருத்தலாமா? பின்னணி மங்கலை யாரும் தொடவில்லை. ரீடச் வார்னிஷ் (வேலை நடுவில் அடிக்கும் மெல்லிய தற்காலிக வார்னிஷ்) அடித்தால் போதுமா?

இன்னொன்று, இணையத்தில் கிடைக்கும் ஒவ்வொரு பிரதியிலும் உடை ஒவ்வொரு நீலமாக இருக்கிறது. ஒன்றில் மயில் கழுத்துப் பச்சை, ஒன்றில் ஊதா. எதை நம்புவது?

அளவுகோல்:
என்னைக் கேட்டால் புது கேன்வாஸ். 6 சதவீதம் இழுபட்ட உடலில் சரியான தலையை வைத்தால் தலை சிறுத்துத் தெரியும்.

மடிப்புச்சாமி:
அவ்வளவு கடுமை வேண்டாம் ஐயா. பயிற்சிக்குச் செய்கிற நகல்தானே. உடையும் நாற்காலியும் இருக்கட்டும். தலை, கழுத்து, தாடையைத் தொடும் கை, இந்த மூன்றையும் எடுத்துவிட்டுச் சரியான அளவில் மறுபடி போடுங்கள். தோளின் இரண்டு வெளி விளிம்பையும் பின்னணி வண்ணத்தால் உள்ளே வெட்டிக்கொண்டு வந்தால் கழுத்தோடு சேர்ந்துவிடும். முகத்தின் வெளி விளிம்பை மட்டும் நறுக்கி ஒல்லியாக்கப் பார்க்காதீர்கள், கண்ணுக்கு இடையே உள்ள தூரம் அப்படியே இருக்கும், அது இன்னும் விகாரம்.

இளகி இருந்தால் நைஃபால் வழித்து, டர்பன்டைன் துணியால் துடைத்துவிடலாம். காய்ந்துவிட்டிருந்தால் மேடு தட்டும் இடத்தை மட்டும் 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டு, ஜெஸ்ஸோ தெரியாத அளவுக்கு மெல்லத் தேய்க்க வேண்டும். காட்மியம் இருப்பதால் உலர்ந்த தேய்ப்பு கூடவே கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நீலத்துக்கு: பிராடோ தளத்தில் இருக்கும் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிடுங்கள். மானிட்டர் 6500 கெல்வினில், பிரகாசத்தைக் குறைத்து. ஈசலுக்கு மேலே 5000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேல் உள்ள பல்பு. பிரின்ட் எடுத்து ஒட்டிவைத்துப் பார்த்து வரையாதீர்கள். நான்கு வண்ண அச்சு மைக்கு அல்ட்ராமரின் நீலம் எட்டாது, ஒன்று கத்தரிப்பூவாகும் இல்லை அழுக்காகும். பிரின்டைக் கருப்பு வெள்ளையில் எடுங்கள், வேல்யூ பார்க்க அதுதான் உதவும்.

ஆளிவிதை:
பின்னணி மங்கலுக்கு வார்னிஷ் முதல் மருந்து இல்லை. நீங்கள் எழுதியதிலேயே காரணம் மூன்று இருக்கிறது.

ஒன்று, ரெடிமேட் கேன்வாஸில் ஏற்கெனவே ஜெஸ்ஸோ உண்டு, அதன்மேல் இன்னும் இரண்டு கோட். அக்ரிலிக் ஜெஸ்ஸோ அடுக்க அடுக்க ஒற்றுத்தாள் குணம் கூடும், மேலே வரும் வண்ணத்தின் எண்ணெயை உறிஞ்சிவிடும். இரண்டு, டர்பன்டைன் அதிகம் விட்டு நீர்த்தது. எண்ணெய் போதாமல் தூள் மட்டும் மேலே நிற்கும். மூன்று, அம்பர். மண் நிறங்களிலேயே அம்பர்தான் அதிகம் அமிழும் (எண்ணெய் உள்ளே இறங்கி மங்கும்), மாங்கனீசு உள்ளதால் சீக்கிரம் காயவும் செய்யும். பக்கத்தில் கருப்பு கூடின இடம் மெதுவாகக் காயும். அதனால்தான் திட்டுத்திட்டாக இருக்கிறது.

ஹார்டுவேர் கடையில் டர்பன்டைன் என்று கொடுப்பது பெரும்பாலும் பெட்ரோலியத்தில் எடுத்த மினரல் டர்பன்டைன். கதவு பெயிண்டுக்குச் சரி, பிரஷ் கழுவவும் சரி. படத்தில் கலக்க ஓவியர்களுக்கென விற்கும் சுத்திகரித்த டர்பன்டைனோ வாசனையற்ற தின்னரோ வாங்குங்கள். லின்சீட் ஆயிலும் அப்படித்தான். மரச்சாமானுக்கு விற்கும் 'பாய்ல்டு' லின்சீடில் உலர்த்தி ரசாயனம் இருக்கும், நாளாக நாளாகக் கருக்கும். நீல உடையின் மேல் அது மஞ்சளானால் சாட்டின் பச்சையாகிவிடும்.

சரி செய்யும் முறை: பின்னணி தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்திருக்க வேண்டும், மெல்லிய பூச்சானால் ஒன்றிரண்டு வாரம். சுத்திகரித்த லின்சீட் ஒரு பங்கு, நல்ல டர்பன்டைன் ஒரு பங்கு. ஐந்தாறு சொட்டு போதும் உங்கள் பின்னணிக்கு. பஞ்சு உதிராத பழைய காட்டன் துணியில் தொட்டு மங்கல் உள்ள இடத்தில் மட்டும் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு, வேறு துணியால் ஒட்டு மொத்தமாகத் துடைத்து எடுத்துவிடுங்கள். விரல் வைத்தால் ஈரம் தெரியக் கூடாது. எண்ணெயைத் துடைக்காமல் விட்டால் மேலே மஞ்சள் தோல் கட்டும். துடைத்தவுடன் உண்மையான வேல்யூ திரும்பி வரும். பாதிப் பேர் அமிழ்ந்த இருட்டைப் பார்த்து 'வெளுத்துவிட்டது' என்று இன்னும் கருப்பைச் சேர்த்துப் பின்னணியைக் கெடுக்கிறார்கள், அதனால் எண்ணெய் போட்டுப் பார்க்காமல் எந்த வண்ணத்தையும் மாற்றாதீர்கள்.

துடைத்தபின் மிஞ்சும் அந்த மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேலேயே அடுத்த பூச்சைப் போடலாம். ரா அம்பர் 3, அல்ட்ராமரின் 1, வெள்ளை கால் பங்கு, இந்தத் தடவை லின்சீட் கொஞ்சம் சேர்த்து. கீழடுக்கைவிட மேலடுக்கில் எண்ணெய் கூடுதல், அந்த விதியை மீறினால் வெடிப்புதான். பிரஷைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுங்கள், ஒரே திசையில் போனால் அந்த வரி வெளிச்சத்தில் பளபளக்கும். தோளின் வெளிச்சப் பக்கத்துக்குப் பின்னால் அரை வேல்யூ இருட்டு, நிழல் பக்கத்துக்குப் பின்னால் அரை வேல்யூ வெளிச்சம். கூந்தல் பின்னணியோடு சேரும் இடத்தில் விளிம்பு ஒரு இடத்திலாவது தொலைந்தாக வேண்டும்.

தேய்த்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். லின்சீட் ஊறிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டப்பாவில் போட்டு வையுங்கள், இல்லையென்றால் வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

தாடை_விரல்:
லேஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. லேஸை வெள்ளைக் கோட்டில் பின்ன ஆரம்பித்தால் முடிவே கிடையாது. முதலில் அது எதன்மேல் கிடக்கிறதோ அந்த நிறத்தை, தோலோ சாட்டினோ, சாம்பல் கலந்து மெல்லப் பூசுங்கள். காய்ந்தபின் வெள்ளையில் ஓக்கர் துளி கலந்து, பிரஷை ஏறக்குறைய உலர்வாக்கி, கேன்வாஸின் நூல் மேட்டில் மட்டும் படும்படி இழுத்தால் சல்லடைத் தோற்றம் தானே வரும். விளிம்பு வளைவுகளில் மட்டும் 1 நம்பர் ரிக்கரால் (நீண்ட மயிருள்ள மெல்லிய பிரஷ்) சில கெட்டிப் பொட்டு. பாதி அளவில் அதற்கு மேல் வேண்டாம்.

நீலக்குப்பி:
இதே கேன்வாஸிலேயே தலையை மட்டும் மாற்றிப் பார்க்கிறேன். வார்னிஷ் கேள்வி மட்டும் பாக்கி.

ஆளிவிதை:
இடையில் மங்கல் தொந்தரவு தாங்கவில்லை என்றால் ரீடச் வார்னிஷ் மெல்ல ஒரு தடவை அடிக்கலாம். இறுதி வார்னிஷுக்கு மெல்லிய படமானால் ஆறு மாதம், கீற்றில் கெட்டியாகப் போட்டிருந்தால் ஒரு வருடம். கெட்டியான ஒரு கீற்றில் நகத்தை அழுத்திப் பாருங்கள், தடம் விழுந்தால் இன்னும் பொறுங்கள். மழைநாளில், காற்று ஈரமாக இருக்கும்போது அடிக்காதீர்கள், வார்னிஷ் பால் பூத்துவிடும். பின்பக்கம் உங்கள் பெயர், தேதி, 'மத்ராஸோவின் படத்திலிருந்து நகல்' என்று மூன்றையும் எழுதிவிடுங்கள், முன்பக்கத்தில் அவர் கையெழுத்தைப் போட வேண்டாம்.